செவிலித்தாயும் சிறுகுழந்தையும்

பெற்றவளை நற்றாய் என்றும் வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் வேறுபிரித்துப் பெயர் சூட்டிய மொழி தமிழ். அகப்பாடல்களில் மகள் தன் காதலனுடன் சென்றுவிட்டாள் என்று அறிந்ததும் பாலை வழியில் அவளைத் தேடி நடப்பவள் செவிலியே. நற்றாய் மனையிலிருந்து வருந்துவாள். சிலப்பதிகாரத்தின் இறுதியில் கண்ணகியை வளர்த்த காவற்பெண்டு சேரநாடு வரை சென்று அரற்றுகிறாள். கருவில் சுமக்காத ஒருத்திக்கும் அவள் கையில் வளர்ந்த பிள்ளைக்கும் இடையே உண்டாகும் பிணைப்பு, பெற்ற பாசத்தின் வெறும் நிழல் அன்று. தனியே பெயர் பெறத் தக்கது என்பதைப் பழம்புலவர் ஐயமின்றி ஏற்றிருந்தனர்.

ஆயினும் அவர்கள் அப்பிணைப்பை வளர்த்தவளின் பக்கமிருந்தே பாடினர். ஒன்றரை வயதுக் குழந்தை தன் செவிலியிடம் எதைத் தேடுகிறது, அவள் காணாமற் போனால் அதன் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதை நாள்தோறும் குறித்துவைத்து ஆராயும் வேலை இருபதாம் நூற்றாண்டில்தான் நிகழ்ந்தது. அவ்வேலையின் சிறந்த பகுதி குண்டுகள் விழுந்துகொண்டிருந்த இலண்டன் மாநகரில், அகதியாய் வந்த ஒரு பெண்மணியின் இல்லத்தில் நடைபெற்றது.

அன்னா பிராய்டு 1895-ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்தவர். உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் பிராய்டின் கடைசி மகள். உளவியலுக்கு வருமுன் சில ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர் என்பதை ஆசிரியப் பெருமக்கள் குறித்துக்கொள்ளலாம். பிள்ளைகளை மருத்துவ அறையில் வைத்துப் பார்த்ததற்கு முன்பே வகுப்பறையில் வைத்துப் பார்த்தவர் அவர். 1937-இல் எடித் ஜாக்சன் என்ற அமெரிக்க மருத்துவரின் பொருளுதவியால் வியன்னாவின் பரம ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த சிறு குழந்தைகளுக்கென்று ஒரு பகற் காப்பகம் திறந்தார். உற்ற துணையாக இருந்தவர் டாரதி பர்லிங்ஹாம். அமெரிக்காவில் வண்ணக் கண்ணாடிக் கலைக்குப் பெயர்பெற்ற டிபனியின் மகள். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது, காப்பகம் மூடப்பட்டது, ஜூன் திங்களில் பிராய்டு குடும்பம் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் போர் மூண்ட மூன்றாம் வாரத்தில் தந்தையும் மறைந்தார்.

போர் அறிவிக்கப்பட்ட அந்த நாள்களில் மட்டும் ஏறத்தாழ 15 லட்சம் பேர், பெரும்பாலும் பிள்ளைகளும் தாய்மாரும் ஆசிரியர்களும், இங்கிலாந்தின் நகரங்களிலிருந்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1940 செப்டம்பர் 7-ஆம் நாள் தொடங்கி இலண்டன்மீது இரவுதோறும் குண்டுகள் விழுந்தன. வீடிழந்தோரும் அஞ்சியோரும் சுரங்க இரயில் நிலையங்களில் படுத்துறங்கினர். தந்தை போர்முனையில், தாய் தொழிற்சாலையில், வீடு இடிபாட்டில் என்ற நிலையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையை யாரிடம் விடுவது?

இந்த வினாவுக்கு விடையாக 1941 ஜனவரியில் ஹாம்ஸ்டெட் பகுதியில் வெடர்பர்ன் சாலை 13-ஆம் எண் வீட்டில் ஒரு குழந்தை இல்லம் திறக்கப்பட்டது. செலவை நியூயார்க்கிலிருந்த ஓர் அறநிலையம் ஏற்றது. அவ்வாண்டுக் கோடையில் கைக்குழந்தைகளுக்கென நெதர்ஹால் கார்டன்ஸில் இரண்டாவது வீடும், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கென எசெக்ஸ் மாவட்டத்து லிண்ட்செல் சிற்றூரில் மூன்றாவது வீடும் சேர்ந்தன. போர் முடிந்து 1945-இல் மூடப்படும்வரை ஏறக்குறைய 190 குழந்தைகள் அவ்வீடுகளில் வளர்ந்தனர்.

தாதியராய் அமர்ந்தவர்களுள் பலர் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பிவந்த இளம்பெண்கள். கொதிகலனுக்குக் கரி போட்டு, உடைந்த கதவு சன்னலைச் செப்பனிடும் வேலையில் இருந்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்து இளைஞர். ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று மனச்சான்றின்பேரில் மறுத்தவர். அவர் மனைவி ஜாய்ஸும் அங்கேயே குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்றார். தாதியாயினும் கரி போடுபவராயினும், குழந்தைகளிடம் கண்டதை ஓர் அட்டையில் எழுதிவைக்க வேண்டும் என்பது அன்னா பிராய்டின் விதி. அவ்வட்டைகளிலிருந்து மாத அறிக்கைகளும், 1942-இலும் 1944-இலும் இரு நூல்களும் பிறந்தன.

அவ்வறிக்கைகள் காட்டிய முதற் செய்தி எதிர்பார்ப்புக்கு மாறானது. தாயின் அருகிலேயே இருந்த குழந்தைகள் குண்டுவீச்சைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டன. தாயினின்று பிரிக்கப்பட்டதே அவற்றை வாட்டியது. இடிந்த வீட்டைவிடப் பிரிந்த முகமே பெரிய இழப்பு. ஆகவே இல்லத்தில் பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று கதவு திறந்துவைக்கப்பட்டது. கைக்குழந்தையின் தாய்மாருட் சிலருக்கு அங்கேயே வேலையும் தரப்பட்டது. அந்நாளில் இலண்டன் ஆஸ்பத்திரிகள் பலவற்றில், குழந்தையைப் பார்க்க வரும் தாய்க்கு ஞாயிற்றுக்கிழமையில் சிறிது நேரம் மட்டும் கிடைப்பதே பெரிது என்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் செய்தி இன்னும் நுட்பமானது. இல்லத்துக் குழந்தையையும் சராசரிக் குடும்பத்துக் குழந்தையையும் மாதம் மாதமாக ஒப்பிட்டனர். முதல் ஐந்து திங்கள் வரை இல்லத்துக் குழந்தையே மேல்: நல்ல பால், நல்ல காற்று, எடைக் கூடுதல். அதன்பின் முகமலர்ச்சியிலும் துடிப்பிலும் அது பின்தங்கத் தொடங்கியது. நடப்பதிலும் தானே எடுத்துண்பதிலும் குறைவில்லை, பேச்சில்தான் பெருங்குறை. கிறிஸ்துமஸ் போன்ற நாள்களில் வீட்டுக்குச் சென்று ஓரிரு வாரம் தாயுடன் இருந்து திரும்பிய குழந்தை, இல்லத்தில் மூன்று திங்களில் கற்கக்கூடிய சொற்களைக் கற்றுவந்தது! இல்லத்திலும் பேசுவோர் பலர் இருந்தனர். பாட்டும் கதையும் இருந்தன. ஆனால் அப்பேச்சு எல்லாரையும் நோக்கியது. ஒன்றரை வயதில் மொழி, ஒரு முகத்தைப் பார்த்து, அம்முகத்துக்குரியவள் தன்னைப் பார்த்துச் சொல்லும்போதே நாவில் ஏறுகிறது. தாய்மொழி என்ற தமிழ்ச் சொல்லுக்கு இதைவிட நல்ல உரை வேண்டியதில்லை.

தாதியர் முறைவைத்துப் பணியாற்றினர். காலையில் ஒருத்தி குளிப்பாட்டுவாள். நண்பகலில் வேறொருத்தி ஊட்டுவாள். இரவில் மூன்றாமவள் போர்த்துவாள். எல்லாருமே அன்புடையவர்கள். அழுகை மிகுதியில்லை, வீடு அமைதியாக இருந்தது. வேறு எந்த மேற்பார்வையாளரும் இதனோடு நிறைவடைந்திருப்பார். அன்னா பிராய்டும் பர்லிங்ஹாமும் நிறைவடையவில்லை. இல்லத்தைச் சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்தனர். ஒவ்வொரு தாதிக்கும் நான்கு, ஐந்து பிள்ளைகள். எந்தப் பிள்ளைக்கு எந்தத் தாதியிடம் முன்பே ஒட்டுதல் அரும்பியிருந்ததோ அதைப் பார்த்தே பங்கிட்டனர். குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் துணிமணி காப்பதும் நோயில் பக்கத்திலிருப்பதும் அவளுடைய பொறுப்பு.

விளைந்ததைக் கண்டு அவர்களே வியந்தனர். ஒரே வாரத்துக்குள் ஆறு குடும்பங்களும் உறுதியாக அமைந்துவிட்டன. தனக்கென ஒருத்தி வேண்டும் என்ற பசி, அணை உடைந்த வெள்ளம்போல் வெளிப்பட்டது. ஆனால் வீட்டின் அமைதி போயிற்று. நேற்றுவரை யார் தூக்கினாலும் சிரித்த குழந்தை, தன் தாதி கதவைத் தாண்டினாலே வீறிட்டழுதது. ஒன்றோடொன்று இணக்கமாய் ஆடிய பிள்ளைகள் அவள் மடிக்காக அடித்துக்கொண்டன, கடித்துக்கொண்டன. பொறாமை, பிடிவாதம், ஏக்கம் ஆகிய குடும்ப வாழ்வின் தொல்லைகளெல்லாம் ஒருசேரப் படியேறி வந்தன. பார்வையாளர் எவரேனும் அவ்வாரத்தில் வந்திருந்தால் புதிய ஏற்பாடு தோல்வி என்றே எழுதிப் போயிருப்பார்.

இரண்டு மூன்று வாரங்கள் சென்றன. தாதி திரும்பி வருவாள் என்பது பிள்ளைகளுக்கு உறுதிப்பட்டது, கூச்சல் தணிந்தது. அதன்பின் வளர்ச்சி விரைந்தது. பலநாள் பழக்கியும் படியாத தூய்மைப் பழக்கங்கள் படிந்தன. சொற்கள் பெருகின. தன்னை விரும்பும் ஒருத்திக்காகத் தன் விருப்பத்தைச் சற்றே விட்டுக்கொடுப்பது என்ற ஒன்று, யாருக்கும் உரியதாய் இல்லாத குழந்தைக்கு இயலாது. அதற்குக் காரணமே இல்லை. உரியவள் வந்ததும் காரணமும் வந்தது.

இதற்கு விலையும் உண்டு. இரு நூல்களையும் எழுதியவர்கள் அதை மறைக்கவில்லை. ரெஜி என்ற பெயரால் அவர்கள் குறிப்பிடும் சிறுவன் ஐந்து மாதக் குழந்தையாய் வந்தவன். இடையில் இரண்டு திங்கள் தாயிடம் சென்று திரும்பியவன். அடுத்தடுத்து இரு இளம் தாதியரிடம் உயிராய் ஒட்டினான். அவனுக்கு இரண்டு வயது எட்டு மாதம் ஆனபோது இரண்டாமவள் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். பையன் நிலைகுலைந்தான். இரண்டு வாரம் கழித்து அவள் பார்க்க வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான், பேச்சுக்கொடுத்தும் நோக்கவில்லை. அவள் வெளியேறிக் கதவு மூடியதும் அக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிரவு படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, அவள் தனக்கே உரியவள் என்றும், ஆனால் அவளைத் தனக்குப் பிடிக்கவில்லை என்றும் தானே சொல்லிக்கொண்டான்.

இத்தகைய துயரைக் கண்ட நிலையங்கள் பல, அது வராமற் காக்க எளிய வழி ஒன்றைக் கைக்கொண்டன: எந்தப் பிள்ளையும் எந்தப் பெண்ணிடமும் மிகுதியாய் ஒட்டாதபடி தாதியரை மாற்றிக்கொண்டே இருப்பது. ஒட்டாதது பிரிவில் வருந்தாதல்லவா? ஹாம்ஸ்டெட் பெண்மணிகளின் விடை வேறு. பிணைப்பு இல்லாமையால் வரும் கேடு, பிணைப்பு அறுவதால் வரும் துயரினும் பெரிது. ஆகவே பிணைப்பைத் தடுப்பதன்று, பிரிவைக் குறைப்பதும் மெல்ல நிகழ்த்துவதுமே நிலையத்தின் கடமை என்றனர். அழாத குழந்தை நல்ல குழந்தை என்று நம்பிய ஓர் உலகில் இது துணிவான கூற்று.

அவர்கள் கூற்றுக்கு மறுபக்கத்திலிருந்து ஒரு சான்று 1945-இல் வந்தது. தெரேசியன்ஸ்டாட் வதைமுகாமில் பெற்றோரை இழந்து வளர்ந்த ஆறு யூதக் குழந்தைகள் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டனர். மூன்று நான்கு வயதினர். ஹாம்ஸ்டெட் இல்லத்தில் பணிபுரிந்த சோபி, கெர்ட்ரூட் டான் சகோதரியர் சசெக்ஸில் ஒரு நாட்டுப்புற வீட்டில் ஓராண்டு அவர்களை வளர்த்தனர். பெரியவர் எவரையும் அப்பிள்ளைகள் முதலில் ஒரு பொருட்டாய் மதிக்கவில்லை. பொம்மைகளை உடைத்தனர், கடித்தனர், துப்பினர். ஆனால் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் கணமும் பிரியார். தின்பண்டத்தைத் தான் தின்னுமுன் அடுத்தவருக்குக் கொடுப்பர். நிலையான முகம் ஒன்றேனும் இல்லாத இடத்தில் பிள்ளைகள் அதை ஒருவருக்கொருவர் ஆக்கிக்கொண்டனர். பெரியவர்மேல் பற்று மிக மெல்லவே வந்தது. அன்னா பிராய்டும் சோபி டானும் இதனை 1951-இல் எழுதி வெளியிட்டனர்.

அதே 1951-இல்தான் உலக சுகாதார நிறுவனம் ஜான் பௌல்பியின் அறிக்கையை வெளியிட்டது. தாய் அன்பு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்று உலகறியச் செய்த நூல் அது. பௌல்பி தாமே, செல்வக் குடும்பங்களின் வழக்கப்படி, ஒரு வளர்ப்புப் பெண்ணின் கையில் வளர்ந்தவர். நான்கு வயது நிரம்பும் வேளையில் அவள் வேலையைவிட்டுப் போனது தாயை இழந்ததற்கு ஒப்பானது என்று பின்னாளில் நினைவுகூர்ந்தவர். ஆயினும் அவர் நூலைப் படித்தவர் பலர், செவிலியை மறந்து தாயை மட்டுமே பிடித்துக்கொண்டனர். வேலைக்குப் போகும் தாய் பிள்ளைக்குக் கேடு செய்கிறாள் என்ற பேச்சு பரவியது. 1962-இல் அதே நிறுவனம் மறு ஆய்வுத் தொகுப்பு ஒன்றை வெளியிட வேண்டியதாயிற்று. அதில் மானிடவியலறிஞர் மார்கரெட் மீட், பல கைகளில் பிள்ளை வளரும் சமுதாயங்களைச் சுட்டிக்காட்டினார். அமெரிக்காவில் 1991-இல் தொடங்கிப் பத்து இடங்களில் 1,300-க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து நோக்கிய ஆய்வும், காப்பகத்தில் விடுவது ஒன்றினாலேயே தாய்-சேய்ப் பிணைப்பு குலைவதில்லை என்று 1997-இல் கூறிற்று. தாயின் கவனிப்பும் குறைந்து காப்பகமும் தரங்குறைந்த இடத்திலேயே இடர் மிகுந்தது.

வேலைக்குப் போவதா வேண்டாவா என்று எண்ணிப் பார்க்கும் வசதி எல்லாத் தாய்மாருக்கும் இருந்ததும் இல்லை. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்பட்டபோது, தூக்கம் கலையாத பிள்ளை ஆயாக் கொட்டகைக்குப் போயிற்று. அங்கே இருந்த ஆயா, பெரும்பாலும் மரம் வெட்டும் வயதைக் கடந்த, அதே இலயத்தில் குடியிருந்த ஒரு மூதாட்டி. ஒருத்தியின் இரு கைகளுக்குப் பிள்ளைகள் மிகுதி. துணித் தொட்டில்கள் பல. ஹாம்ஸ்டெட் கணக்கில் அது குறைபாடே. ஆனால் இன்று ஒருத்தி நாளை ஒருத்தி என்ற மாற்றம் அங்கே அரிது. அண்ணனை ஆட்டிய கையே தம்பியையும் ஆட்டியது. மாலையில் தெருவிலும் கோயில் திருவிழாவிலும் அதே முகம் கண்ணில் பட்டது. கொட்டகையின் கூரையையும் தரையையும் பாலின் அளவையும் கணக்கெடுப்பது எளிது. அக்கிழவியின் மதிப்பைக் கணக்கெடுப்பது எளிதன்று. தோட்ட வரலாறு எழுதுவோர் கங்காணிக்கும் கிராணிக்கும் தரும் இடத்தில் ஒரு மூலையையேனும் ஆயாவுக்கு ஒதுக்குவது தகும்.

போருக்குப்பின் வேறு வழி கண்டவர்களும் உண்டு. 1946-இல் புடாபெஸ்ட் நகரின் லோட்சி தெருவில் எமி பிக்லர் என்ற மருத்துவர் அமைத்த குழந்தை இல்லத்தில், குளிப்பாட்டல், ஊட்டல், உடைமாற்றல் ஆகிய வேளைகளில் தாதி அந்த ஒரு பிள்ளைக்கே முழுதும் உரியவள். தன் கை அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதை அதனிடம் சொல்லிச் செய்வாள். மற்ற நேரத்தில் பிள்ளை தானே ஆடும். தாதி தாயாகிவிடலாகாது என்று பற்றுக்கு ஓர் அளவும் வைத்தார் பிக்லர். ஹாம்ஸ்டெட் வெள்ளத்தை வரவேற்றது. லோட்சி வாய்க்கால் வெட்டியது எனலாம். இரண்டிலும், மாறாத ஒருத்தி என்பதில் வேறுபாடில்லை. எலினார் கோல்ட்ஷ்மீட் இதே கருத்தைப் பகற் காப்பகங்களுக்குக் கொண்டுசென்றார்; 2008-இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த மழலைக் கல்வி விதிகள், ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் குறிப்பிட்ட ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டன.

கரி போட்ட ராபர்ட்சனின் கதை மிச்சமிருக்கிறது. போருக்குப்பின் அவர் சமூகப் பணியில் பயிற்சி பெற்று 1948-இல் பௌல்பியிடம் சேர்ந்தார். ஆஸ்பத்திரிகளில் தனியே விடப்பட்ட குழந்தைகளை நோக்கினார்; எழுதியதை மருத்துவர்கள் நம்பவில்லை. ஆகவே சொந்தமாக ஒரு படக்கருவி வாங்கி, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம்பிடித்து 1952-இல் மருத்துவர் அவையில் காட்டினார். சினம் கொண்டோரே மிகுதி. ஆயினும் 1959-இல் அரசாங்கக் குழு ஒன்று, பிள்ளைகளைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது.

பின்னர் அவரும் ஜாய்ஸும் தாதியின் பக்கம் திரும்பினர். தாய் மகப்பேற்றுக்குச் சென்ற வீடுகளின் குழந்தைகள் நால்வரை ஒருவர்பின் ஒருவராகத் தம் வீட்டிலேயே வைத்து வளர்த்தனர். அவர்களுள் 17 மாதக் குழந்தை ஜேன் பத்து நாள் இருந்தாள். ஜாய்ஸ் எந்நேரமும் அருகிலிருந்தார். தாயின் நினைவையும் வீட்டு வழக்கங்களையும் மறக்கவிடாமல் காத்தார். குழந்தை ஏங்கினாள், ஆனால் உண்டாள், உறங்கினாள், ஆடினாள். தாய் வந்ததும் அவளிடம் சென்றாள்.

1969-இல் வெளிவந்த படம் ஜான் என்ற சிறுவனைப் பற்றியது. அவனுக்கும் 17 மாதமே. தம்பியோ தங்கையோ பிறக்கும் வேளையில் ஒன்பது நாள் ஒரு நல்ல காப்பகத்தில் விடப்பட்டான். தாதியர் இளையவர்கள், கனிவானவர்கள். ஆனால் முறை மாறிக்கொண்டே இருந்தது, எந்தப் பிள்ளையும் எவருக்கும் உரியதன்று. முதலிரு நாள்கள் ஜான் ஒவ்வொரு தாதியையும் அணுகி அவள் அருகில் நின்றான். பிறந்தது முதல் அங்கேயே வளர்ந்த வன்மையான பிள்ளைகள் அவனை முந்திக்கொண்டன. எடுத்த தாதியும் பணிநேரம் முடிந்து போனாள். பிறகு அவன் ஒரு பெரிய கரடிப் பொம்மையைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தான். உணவை மறுத்தான். அழுகையும் ஓய்ந்தது.

ஒன்பதாம் நாள் தாய் வந்தாள். ஜான் அவளிடம் போகவில்லை. அலறினான்; அவள் மடியிலிருந்து திமிறினான்; அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிறிது நேரங்கழித்துத் தந்தை உள்ளே வந்ததும் அவர் கைகளுக்குத் தாவி அமைதியானான். அங்கிருந்தபடிதான் முதன்முறையாகத் தாயை நேருக்கு நேர் நோக்கினான்; நெடுநேரம், இமையாமல். தன் பிள்ளை அப்படித் தன்னைப் பார்த்து அவள் அதற்குமுன் கண்டதில்லை.